மருந்தா, கவுன்சிலிங்கா, கோயிலா? தம்பிக்காகக் கேட்ட தங்கச்சிக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 24 வயது, செம்பனை ஆலையில் வேலை. நான்கு மாதமாக இரவில் தூங்குவதில்லை. தனியாக இருக்கும்போது யாருக்கோ பதில் சொல்கிறான். இரண்டு பேர் தன்னைப் பற்றித் தப்பாகப் பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். அம்மா சமைத்ததைத் தொடுவதில்லை. கடையில் சீல் உடைக்காத ரொட்டியாகப் பார்த்து வாங்கிச் சாப்பிடுகிறான். குறி கேட்டார்கள், செய்வினை என்று சொல்லி இதுவரை 1,800 வெள்ளி செலவாகியிருக்கிறது. சித்தப்பா, ‘தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் சாகிறவரை மாத்திரைதான், ஆளே கட்டை மாதிரி ஆகிவிடுவான், நல்ல கவுன்சிலிங் போதும்’ என்கிறார். அம்மா கோயிலை விடமாட்டேன் என்கிறார். ‘மனநோய்க்கு எத்தனை விதமான வைத்தியம் இருக்கிறது, எங்கள் தம்பிக்கு எது?’ என்பது தங்கச்சியின் கேள்வி.

நான் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 31 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். தம்பிக்கு என்ன நோய் என்று பெயர் வைக்க வேண்டியது அவனை நேரில் பார்க்கும் டாக்டர். ஆனால் காதில் குரல் கேட்பதும், சாப்பாட்டில் விஷம் என்ற பயமும், தூக்கம் கெடுவதும் ஒன்றாக வந்து மாதக்கணக்கில் நிற்கும்போது, அது கவுன்சிலிங்கோடு முடிகிற விஷயமில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போங்கள். நம் குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். அவர்கள் கடிதம் கொடுத்து மனநல நிபுணரிடம் அனுப்பினால் அங்கே ஐந்து வெள்ளி. இந்த நோய் வைத்தியமில்லாமல் கிடக்கும் காலம் நீள நீள, பிறகு குணமாவது கடினமாகிறது. நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த பௌர்ணமி, அடுத்த திருவிழா என்று தள்ளாதீர்கள்.

சரி, இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். ‘மனநோய்’ என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. வயிற்றுவலி என்று சொன்னால் அது புளிச்ச ஏப்பமாகவும் இருக்கலாம், குடல்வாலாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஓம வாட்டர், இன்னொன்றுக்குக் கத்தி. மருந்து, பேச்சு வழி சிகிச்சை, மின்சிகிச்சை, வீட்டாருக்கான பயிற்சி என்று எல்லாமே அதனதன் இடத்தில் வேலை செய்கின்றன. உங்கள் வீட்டில் நடக்கிற மாதிரி மருந்துக் கட்சி, கவுன்சிலிங் கட்சி, கோயில் கட்சி என்று பிரிந்து நிற்கும்போதுதான் நோயாளி நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

சித்தப்பாவின் பயத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ப் பயம். எங்கள் லயத்தில் பிள்ளைகளை மிரட்டக்கூட தஞ்சோங் ரம்புத்தான் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த மருத்துவமனை திறந்தது 1911இல். அதற்கப்புறம் நாற்பது வருடம், காதில் குரல் கேட்கிற நோய்க்கென்று நிச்சயமான மருந்து என்று உலகத்தில் எங்குமே ஊன்றி நிற்கவில்லை.  அடைத்து வைப்பது, கட்டி வைப்பது, குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைப்பது, இவைதான் பெரும்பாலும் அன்றைய வைத்தியம். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை என்று நம் பாட்டிமார் சொன்னது பொய்யில்லை. அது அவர்கள் கண்ணால் கண்டது. 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்து பேசியதைக் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் வார்டுகளின் கதவு திறந்தது. பாட்டி சொன்ன பயம் மட்டும் கதவு திறந்த பிறகும் நம்மோடு தங்கிவிட்டது.

இன்று கொடுப்பது பெரும்பாலும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற பிந்தைய மருந்துகள். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறித் தூண்டுவதை இவை தடுக்கின்றன. முதலில் திரும்புவது தூக்கம், சில நாட்களிலேயே. பயமும் குரலும் குறைய வாரங்கள் ஆகும். அதுவும் விளக்கை அணைத்த மாதிரி ஒரேயடியாகப் போகாது. ஒரு பையன், உங்கள் தம்பி வயதுதான், மூன்றாவது வாரம் என்னிடம் சொன்னான்: “மிஸ்ஸி, அவங்க இன்னும் பேசுறாங்க. ஆனா இப்ப பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி இருக்கு.” இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, “அவங்க வீடு மாறிட்டாங்க போல” என்றான்.

‘கட்டை மாதிரி ஆகிவிடுவான்’ என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பழைய மருந்துகளை அதிக அளவில் கொடுத்தால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும், எச்சில் வடியும். சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். வீட்டில் அதைப் பார்த்து ‘நோய் முற்றிவிட்டது’ என்று நினைப்பார்கள். அது மருந்தின் வேலை, அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். புதிய மருந்துகளில் விறைப்பு குறைவு, ஆனால் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரை ஏறும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஆகவே ஆரம்பத்திலேயே எடை, இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், போய்ச் சொல்லுங்கள். மாற்று இருக்கிறது. தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இரண்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை என்றால் குளோசபின் இருக்கிறது. அதற்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும், ஆனால் மற்றதெல்லாம் கைவிட்டவர்களை அது எழுப்பி உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

‘சாகிறவரை மாத்திரை’ என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. முதல் தடவை வந்தவர்களுக்கு, குணமான பிறகும் ஓரிரு வருடமாவது தொடரச் சொல்வார்கள். அப்புறம் டாக்டர் மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படும். பெரும்பாலும் தப்பு நடப்பது குணமான நேரத்தில். தூங்குகிறான், சிரிக்கிறான், வேலைக்குப் போகிறான், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்துவார்கள். நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. அதுதான் ஏமாற்றிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது, மாத்திரை நிறுத்தியதை யாரும் நினைத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். என் ஆரம்ப காலத்தில் ஒரு தாயிடம், “இனி பயமில்லைம்மா, நல்லாயிட்டான்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நிறுத்தாதீர்கள் என்று அழுத்திச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்பு அந்தப் பையன் திரும்ப வந்தான். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நீங்கதானே மிஸ்ஸி நல்லாயிட்டான்னு சொன்னீங்க” என்றார். அதிலிருந்து யாரை வீட்டுக்கு அனுப்பினாலும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது கவுன்சிலிங். சித்தப்பா சொல்வது வேறு நோய்களுக்கு முழு உண்மை. ஆனால் கவுன்சிலிங் என்றால் உட்கார வைத்து அறிவுரை சொல்வது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ‘கவலைப்படாதே, நாலு பேரோடு பழகு’ என்று சொல்ல உளவியலாளர் எதற்கு, அத்தை போதுமே. உண்மையான பேச்சு வழி சிகிச்சை ஒரு பயிற்சி. அதில் வீட்டுப்பாடம் உண்டு, கணக்கு உண்டு.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். முதுகில் மருந்துத் தோம்பு, கையில் பம்பு. அந்த வேலையை விட்டு ஆறு வருடம் ஆன பிறகும், கையில் மருந்து ஒட்டியிருக்கிறது, பிள்ளைக்குப் போய்விடும் என்ற நினைப்பு விடவில்லை. அரிசியைப் பதினோரு தடவை களைவார். இடையில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. கை தோல் உரிந்து, விரல் சந்தெல்லாம் வெடிப்பு. ‘கையில் மருந்து இல்லை’ என்று புருஷன் ஆயிரம் தடவை சொல்லிவிட்டார். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் பயம் போகாததுதான் ஓ.சி.டி. என்ற நோய்.

உளவியலாளர் அவரிடம் ஒரு பட்டியல் போடச் சொன்னார். எதைத் தொட்டால் பயம் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை? வீட்டு வாசல் கேட்டுக்கு 30, பழைய வேலைச் சப்பாத்துக்கு 95. நடுவில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை 70. கீழேயிருந்து ஆரம்பித்தார்கள். கேட்டைத் தொட வேண்டும், தொட்ட கையைக் கழுவாமல் உட்கார வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை. கேட்க எளிது; அந்த அம்மா அன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் கேட்டு எழுதினோம். பட்டியலில் 30 என்று போட்டவருக்கு, கழுவாமல் உட்கார்ந்ததும் 80, அப்புறம் 85, பிறகு 70, 55. முக்கால் மணி நேரத்தில் 35. கழுவாமலே பயம் தானாக இறங்குகிறது என்பதை அவர் உடம்பு முதல்முறையாகத் தெரிந்துகொண்டது. ஏழாவது வாரம் கழுவாத கையோடு பள்ளிக்கூடப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். அரிசி மூன்று தடவைக்கு வந்தது. நானும் மூன்று தடவைதான் களைவேன். இந்த முறையை 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் எழுதி வைத்தார், இன்றும் ஓ.சி.டி.க்கு இதைவிட நல்ல பேச்சு வழி சிகிச்சை இல்லை. கூடவே சிலருக்கு மாத்திரையும் கொடுப்பார்கள்.

திடீரென்று நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று கிளினிக்குக்கு ஓடுகிறவர்களுக்கும் (இதய சோதனை சரியாக இருந்தால்) இதே தத்துவம்தான்: பயந்ததை ஓடாமல் எதிர்கொள்வது. இவர்களில் பலர் அல்பிரசோலம் மாதிரி மாத்திரையைப் பழக்கமாக்கிக்கொண்டு வருகிறார்கள். அது உடனே பயத்தைத் தணிக்கும், ஆனால் சில வாரத்திலேயே உடம்பு அதற்கு அடிமையாக ஆரம்பிக்கும். மனநல மாத்திரை எல்லாமே அடிமையாக்கும் என்று ஊரில் சொல்வது இந்த வகையைப் பார்த்துத்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் போன்றவை அந்த ஜாதி இல்லை. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரம் குமட்டலும் இருக்கும். அதோடு நிறுத்தினால் கஷ்டம் மட்டும் பட்டு, பலனைப் பார்க்காமல் போகிறோம்.

மனச்சோர்வு அதிகமில்லாத கட்டத்தில் பேச்சு வழி சிகிச்சையே போதும். 1960களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற டாக்டர் வகுத்த முறை, சி.பி.டி. என்று சொல்வார்கள், உலகமெங்கும் பரவியிருக்கிறது. மனம் சொல்கிற ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற வாக்கியத்தை அப்படியே நம்பாமல், அதற்கு என்ன சாட்சி என்று நோயாளியையே விசாரிக்க வைப்பது. அதைவிட எளிமையான ஒரு பங்கு இருக்கிறது: மனசு வரட்டும் என்று காத்திருக்காமல், முதலில் உடம்பைக் கொண்டுபோய் வேலையில் நிறுத்துவது. காலை ஏழு மணிக்கு வாசல் கூட்டுவது, செவ்வாய்க்கிழமை தங்கச்சி வீட்டுக்கு நடப்பது, என்று நேரம் போட்டு எழுதி, செய்ததும் குறிப்பது. தோட்டத்தில் காலையில் ஆள் கூட்ட அடித்த பழைய பெரட்டு மணி மாதிரி. மனசு வந்தாலும் வராவிட்டாலும் மணி அடித்தால் எழுந்தோமே, அதேதான், ஆனால் இங்கே மணியை நாமே அடிக்கிறோம். மனச்சோர்வு ஆழமாகி சாப்பாடு, தூக்கம் போய், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் மருந்து கட்டாயம் வேண்டும்.

குடியைப் பற்றி நம் பக்கத்தில் எழுதாமல் இருக்க முடியாது. ஒரு காட்சியை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் தினமும் சம்சு குடித்தவர், கோயிலில் கயிறு கட்டி, அன்றோடு நிறுத்துகிறார். குடும்பமே சந்தோஷப்படுகிறது. முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுகிறார், செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்கிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை, உடம்பு கொதிக்கிறது. சத்தியம் செய்ததில் ஏதோ குறை, சாமி கோபம், இல்லை பேய் என்று மறுபடி கோயிலுக்கே தூக்கிப் போகிறார்கள். இது பேயுமில்லை, சாமி கோபமுமில்லை. நிறைய நாள் குடித்த மூளை, குடி திடீரென்று நின்றதும் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இப்படித் தறிகெட்டுப் போகும். வலிப்பும் வரும். சாவும் வரும். ஆஸ்பத்திரியில் டயஸிபாம் கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு, தண்ணீர் ஏற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடுவார்கள். குடியை விடும் சத்தியம் நல்ல சத்தியம். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்யுங்கள்.

சிலருக்கு நோய் இரண்டு பக்கமும் ஆடும். ஒரு மாதம் தூக்கமே இல்லாமல் ஊரெல்லாம் கடன் வாங்கிப் பாட்டும் பேச்சுமாக இருப்பார்கள், இன்னொரு மாதம் எழுந்திருக்க மாட்டார்கள். இதற்கு லித்தியம் என்ற உப்பு இன்னும் முதல் வரிசை மருந்து. இதைக் கண்டுபிடித்த ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் மூன்று வருடத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். நம் தாத்தாக்கள் சயாம் ரயில் பாதையில் மடிந்துகொண்டிருந்த அதே காலம். சிறையில் சக கைதிகளின் மனம் கலங்குவதைப் பார்த்து, இது உடம்பிலிருந்து வரும் கோளாறாக இருக்குமோ என்று யோசித்தார். ஊர் திரும்பி ஆராய்ந்து 1949இல் எழுதினார். லித்தியம் சாப்பிடுகிற தோட்டத் தொழிலாளிகளுக்கு நான் எப்போதும் ஒன்று சொல்வேன்: வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி விஷமாகும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் செம்பனைக் குலை வெட்டப் போகாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரைக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை நாளைத் தவற விடாதீர்கள்.

‘கரண்டு வைக்கிறது’ என்று பயப்படும் மின்சிகிச்சை 1938இல் ரோமில் ஆரம்பித்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி இப்போது இல்லை. மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தி, சில நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிடாமல் குடிக்காமல் கல்லாகிக் கிடக்கும் கடுமையான மனச்சோர்வுக்கு மிக வேகமாக வேலை செய்யும் வைத்தியங்களில் இது ஒன்று. கொஞ்ச நாளைக்கு ஞாபகமறதி இருக்கும், சிலருக்கு அந்தச் சமயத்து நினைவுகள் சில திரும்பாமலே போகலாம். உங்கள் தம்பிக்கு இப்போது இந்தப் பேச்சே வராது.

கோயில். அம்மாவிடம் இதை மரியாதையோடு பேசுங்கள், ஏனென்றால் அவர் சொல்வதில் சாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக் கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை மனநல டாக்டர்கள் கவனித்து 2002இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கோயில் வேலை, வேளைக்குச் சாப்பாடு, கூடவே குடும்பத்தார் ஒருவர், கட்டுவதில்லை, அடிப்பதில்லை. நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அமைதியான இடமும் அன்பும் அந்த அளவுக்கு உதவும். அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட்டில் ஏர்வாடியில், நோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. ஆகவே என் கணக்கு இதுதான்: விபூதி பூசட்டும், காளியம்மனுக்கு விளக்குப் போடட்டும், வெள்ளிக்கிழமை தம்பியையும் கூட்டிப்போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பூசாரி, அடிக்கிற பூசாரி, பட்டினி போடுகிற பூசாரி, கட்டிவைக்கிற பூசாரி, இவர்கள் வாசலை மிதிக்கவே வேண்டாம். இன்னும் ஆயிரம் வெள்ளி கொண்டுவா என்கிறவரும் அந்தக் கூட்டம்தான்.

இனி நான் அதிகம் சொல்ல நினைத்த விஷயம், உங்கள் வீடு. 1950களிலிருந்து லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். குரலும் வீண் பயமும் வருகிற மனச்சிதைவு நோய் தணிந்து ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது? ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கு, வெறுப்புக் காட்டும் வீட்டுக்கு, அல்லது மூச்சுவிட விடாமல் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு அதிகம். அப்படிப்பட்ட உறவினரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் அதிகம். நம் இரண்டு அறை வீடுகளில் 35 மணி என்பது வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும். வீட்டார் நோயை உண்டாக்குகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, அம்மா அப்படி நினைத்து உடைந்துபோக வேண்டாம். காயம்பட்ட காலில் எந்தச் செருப்பு கடிக்கும் என்பது மாதிரிதான் இது. வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது, அதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தம்பி, ‘சோற்றில் ஏதோ கலந்திருக்கிறீங்க’ என்றால், சத்தியம் செய்து வாதாடாதீர்கள். ஆமாம் என்றும் தலையாட்டாதீர்கள். “எனக்கு அப்படித் தெரியலடா, ஆனா உனக்கு அது பயமா இருக்கும்னு புரியுது” என்று சொன்னால் போதும். ஒரே சட்டியிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், அவனே தன் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். ஓட்டோடு அவித்த முட்டை, உரிக்காத வாழைப்பழம், இவற்றைப் பெரும்பாலும் சாப்பிடுவார்கள். மாத்திரையைப் பொடித்து மைலோவில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. வேண்டவே வேண்டாம். சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று பயப்படுகிறவனுக்கு உண்மையாகவே கலந்து கொடுத்து, அவன் அதைக் கண்டுபிடித்த நாளில், உங்கள் வீட்டில் அவன் நம்ப ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். மாத்திரை அட்டையை அவன் கண்முன்னால் வையுங்கள், ஒட்டியிருக்கும் தாளை அவனே கிழித்து மாத்திரையை எடுக்கட்டும்.

‘சோம்பேறி’ என்ற வார்த்தையை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். குரல்கள் அடங்கிய பிறகு மாதக்கணக்கில் உற்சாகமில்லாமல் படுத்திருப்பான். அதுவும் நோயின் ஒரு பகுதி. சின்ன வேலை ஒன்று, தினமும் ஒரே நேரத்தில், கோழிக்குத் தீனி போடுவது மாதிரி. அப்புறம் வேலை. அரசாங்கத்தின் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களில், வேலை தேடிக் கொடுத்து, வேலைக்குப் போன பிறகும் கூட இருந்து தாங்கும் திட்டம் இருக்கிறது. நோய் நீடித்தால் மாற்றுத்திறனாளி அட்டையில் மனநலத்துக்கென்று தனிப் பிரிவே உண்டு, சமூகநல இலாகாவில் கேட்கலாம்.

வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள், இல்லை பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரியிலிருந்து தடை, ஆனால் பழைய போத்தல்கள் சில வீட்டுக் கொல்லையில் இன்னும் இருக்கின்றன. சாகச் சொல்லிக் குரல் கேட்கிறதா என்று தம்பியிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லை 999க்கு அழையுங்கள். உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும், மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃபிரண்டர்ஸின் 03-76272929 எண்ணுக்கும் பேசலாம். தற்கொலை முயற்சி இப்போது குற்றமில்லை. அந்தச் சட்டத்தை 2023இல் எடுத்துவிட்டார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரும் ஒளித்து வைக்க வேண்டாம்.

கடைசியாக, அவனை எப்படிக் கூட்டிப்போவது? ‘உனக்குப் பைத்தியம், வா’ என்றால் வரமாட்டான், யாரும் வரமாட்டார்கள். பொய் சொல்லியும் கூட்டிப்போக வேண்டாம். தூக்கம் கெட்டது அவனுக்கே கஷ்டம். “நாலு மாசமா தூங்கலையே, தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாம் வா” என்று சொல்லுங்கள், அது உண்மை. அவன் யார் பேச்சைக் கேட்பானோ அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். சித்தப்பாவாக இருந்தால் அவரையே. அவர் நேரில் டாக்டரிடம் பயத்தைக் கேட்டுத் தெளியட்டும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, ஒரு இரவுக்கு எத்தனை மணி தூக்கம், குரல் என்ன சொல்கிறது, கஞ்சா, மாத்திரை, குடி ஏதாவது உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, தலையில் எப்போதாவது அடிபட்டதா. டாக்டர் தைராய்டு முதலான இரத்தப் பரிசோதனையும் எழுதலாம், அது நல்லதுதான். காலை சீக்கிரமே போய்விடுங்கள். காத்திருக்க நேரமாகும், பையில் தண்ணீர்ப் போத்தலும் சீல் உடைக்காத ரொட்டி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.